கல்பெட்டிக்குள் ஒரு சேவல்

1

சேவல் கூவியது.

காலை வேளையில் சேவல் கூவினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் கருவேப்பிலங்குறிச்சியில், அர்ச்சுனனின் வயலில் கூடியிருந்த அத்தனை பேரும் வெலவெலத்துப் போனார்கள்.

காரணம், அது கூவிய இடம்.

மண்ணுக்கு அடியிலிருந்து அப்போதுதான் தலை காட்டிய ஒரு கல் சவப்பெட்டிக்குள்ளிருந்து அது கூவியது...!

அர்ச்சுனன் பண்ணைக்குட்டை வெட்ட ஜேசிபி கூப்பிட்டிருந்தான். முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை, பக்கெட்டில் 'ணங்'கென்று இடித்தது. மண்ணை ஒதுக்கினால் கல் பெட்டி. பக்கவாட்டில் செதுக்கிய பூமாலைகள். மூலைக்கு மூலை ஆட்டுத் தலை. நடுவில் இரண்டு பெரிய கண்கள், கரையில் நின்ற கூட்டத்தை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தன.

இன்ஸ்பெக்டர் துர்கா குழிக்குள் இறங்கி நின்றாள். காலையிலிருந்து ஒரு டீ குடிக்கவில்லை. பெட்டியைத் திறக்க யாருக்கு அதிகாரம் என்று மூன்று ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டாள். முதல் ஆபீஸ் இரண்டாவதைக் கேட்கச் சொன்னது. இரண்டாவது மூன்றாவதைக் கேட்கச் சொன்னது. மூன்றாவது, அழகாக, முதல் ஆபீஸ் நம்பரையே கொடுத்தது.

எரிச்சல் உச்சந்தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"மாயவன், அது என்ன சத்தம்?"

ஏட்டு மாயவன் ஸ்ரீமுஷ்ணத்துக்காரர். வெடிகுண்டு வெடித்தாலும் நிதானமாகத் திரும்பிப் பார்க்கிற ஆசாமி. பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டார்.

"செல்போனுங்கம்மா. சேவல் ரிங்டோன். எங்க மச்சான் ஒருத்தரு வச்சிருக்காரு. சகிக்காது."

துர்கா பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள்.

அறிவழகன். ஓய்வு பெற்ற வரலாற்றுப் பேராசிரியர். வெள்ளைச் சட்டை, தோளில் ஜோல்னா பை. சுற்று வட்டாரத்தில் எங்கே ஒரு பழைய பானை உடைந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர். இன்றைக்கும் போலீசுக்கு முன்பே, ஊர்க் கூட்டத்துக்கு முன்பே வந்துவிட்டார். வந்ததிலிருந்து, யாரும் தொடக் கூடாது, சென்னையிலிருந்து நிபுணர்கள் வரவேண்டும், வெளிக்காற்று பட்டால் உள்ளே இருப்பது பொடிப்பொடியாகிவிடும் என்று கையை விரித்து மறித்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டாயிரம் வருஷத்துப் பெட்டின்னு சொன்னீங்களே சார்? உள்ள போன் அடிக்குது."

"எதிரொலியா இருக்கும் மேடம். கல்லுக்கு அப்படி ஒரு குணம் உண்டு."

சேவல் மறுபடியும் கூவியது.

"ஜேசிபிய ஸ்டார்ட் பண்ணு" என்றாள் துர்கா.

சங்கிலி போட்டு மூடியைத் தூக்கினார்கள். எல்லோரும் பயந்த அளவுக்கு அது அடம்பிடிக்கவில்லை. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி. அந்த இடைவெளியில் அப்பியிருந்த வெள்ளைக் களிமண் பாளம் பாளமாக உதிர்ந்தது.

மூடி அந்தரத்தில் தொங்கியது.

உள்ளே ஒரு ஆள். கட்டம் போட்ட சட்டை. மண்டையின் பின்பக்கம் பிளந்திருந்தது. சட்டைப் பையில் செல்போன் மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. திரையில் 'வூடு' என்று இருந்தது.

கரையிலிருந்து எட்டிப் பார்த்த அர்ச்சுனன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஐயோ, இவன் ஜெயராஜு ஆச்சே" என்று சொல்லித் தொலைத்தான்.

2

ஜெயராஜ் புதுச்சேரிப் பக்கத்து ஆள். பழைய விளக்கு, பழைய கதவு, பழைய சிலை என்று எது கிடைத்தாலும் வாங்கி, எங்கோ விற்பவன். ஒரு மாதத்துக்கு முன்னால் அர்ச்சுனன் வயலில் சுற்றிக்கொண்டிருந்தான். அர்ச்சுனனுக்கும் அவனுக்கும் டீக்கடை வாசலில் கைகலப்பு. 'இன்னொரு தரம் என் நெலத்துல கால வச்ச, அங்கயே பொதைச்சிடுவேன்' என்று அர்ச்சுனன் கத்தியதை ஊரே கேட்டிருந்தது.

அது போதாதென்று, வயலின் மோட்டார் ரூமில் அர்ச்சுனனின் மண்வெட்டி கிடைத்தது. ரத்தக் கறையோடு.

டி.எஸ்.பி. போனில் சந்தோஷமாக இருந்தார். இவ்வளவு சுலபமான கேஸ் அவர் சர்வீசிலேயே வந்ததில்லையாம். நாளைக் காலை கோர்ட்டில் அர்ச்சுனனை ஆஜர்படுத்தி ரிமாண்ட் வாங்கச் சொன்னார்.

"சார், ஆள் செத்தது நேத்து சாயங்காலம்னு டாக்டர் சொல்றாரு. நேத்து பொணத்தப் பொதைச்சவன், இன்னிக்குக் காலையில அதே எடத்துல ஜேசிபி விட்டுத் தோண்டுவானா?"

"குற்றவாளி புத்திசாலியா இருக்கணும்னு எந்தச் சட்டத்துலம்மா இருக்கு?"

போன் வைக்கப்பட்டது.

ஜெயராஜின் மினி லாரி விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம் அநாதையாக நின்றது. பின்னால் கனமான சாமான் தூக்குகிற செயின் கப்பியும் மூன்று கால் கம்பமும். அதாவது, பெட்டியைத் தோண்டி எடுக்கத்தான் அவன் வந்திருக்கிறான். யாரோ அவனையே உள்ளே போட்டு மூடிவிட்டார்கள். யார்?

துர்காவுக்குத் தலைவலிதான் வந்தது.

ஸ்டேஷன் படியில் அர்ச்சுனனின் மனைவி பாஞ்சாலை உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகச் சொன்ன போலீஸ்காரரை ஒரு பார்வை பார்த்தாள், அவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

"எம்புருசன் கோவக்காரன்தாம்மா. இல்லேங்கல. ஆனா வாயோட சரி. கோழி அறுக்கறதுக்கே என்னைத்தான் கூப்புடும்." அவள் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். "ஆறு மாசமா அலைஞ்சு இந்தக் குட்டைக்கு உத்தரவு வாங்குனோம். மழ வர்றதுக்குள்ள வெட்டிப்புடணும்னு நின்னுது. அது ஒரு குத்தமாம்மா?"

துர்காவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நிரபராதி என்று தெரிந்த ஒருவனை நாளைக்குத் தன் கையாலேயே ஜெயிலுக்கு அனுப்பவேண்டும். கையில் இருப்பதோ ஒரு கல் பெட்டி. அதன் இரண்டு கண்களும் நடந்ததை எல்லாம் பார்த்திருக்கும். வாய்தான் இல்லை.

3

பிணத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, கிரேன் வைத்துப் பெட்டியை ஸ்டேஷன் வளாகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அது இன்னொரு தலைவேதனையாகிவிட்டது.

ஒரு மணி நேரத்துக்குள் யாரோ கண்கள் இரண்டுக்கும் நடுவே குங்குமம் வைத்துவிட்டார்கள். அடுத்து ஒருவர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். தடயத்தைத் தொடாதீர்கள் என்று மாயவன் தொண்டை வறளக் கத்தினார். சரிங்க, தொடலை என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்று கற்பூரம் ஏற்றினார்கள்.

நடுவில் அறிவழகன் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் காலையில் இருந்த படபடப்பு குறைந்திருந்தது. எகிப்தில் சவப்பெட்டியின் பக்கவாட்டில் இப்படித்தான் இரண்டு கண்கள் வரைவார்களாம், உள்ளே படுத்திருப்பவர் வெளியே பார்க்க. ரோமாபுரியில் செல்வந்தர்கள் பெட்டியில் பூமாலையும் ஆட்டுத் தலையும் செதுக்கிக்கொள்வார்களாம். இந்த மாதிரிக் கல் சவப்பெட்டிக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயருக்கு 'மாமிசம் தின்னும் கல்' என்று அர்த்தமாம்.

"அப்ப இது யாரு பெட்டி சார்? எகிப்தா, ரோமா?" என்று கேட்டாள் துர்கா.

"ரெண்டும் கலந்தது மேடம். அதுதான் விசேஷமே. ரோமாபுரிக் கப்பல் அரிக்கமேடு வரைக்கும் வந்திருக்கு. வந்த அத்தன பேர்ல ஒருத்தன்கூடவா நம்ம பக்கம் செத்திருக்க மாட்டான்? முப்பது வருஷமா இதைத்தான் எழுதிக்கிட்டு இருக்கேன். சிரிச்சாங்க. இப்ப சிரிக்கட்டும்."

கடைசி வார்த்தையில் கொஞ்சம் விஷம் இருந்தது.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பெட்டிக்குள் தடயவியல் ஆட்கள் இன்னும் பார்த்து முடிக்கவில்லை. மழைத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. அதோடு வந்த கல் மூடியை வைத்தாலோ சரியாக உட்காராமல் ஆடியது. வாய்க்குள் இறங்கி உட்காரவேண்டிய அதன் உள்விளிம்பு, இறங்காமல் பெட்டியின் விளிம்பு மேலேயே ஏறி நின்றது.

ஒரு பிளைவுட் மூடி செய்துவிடலாம் என்று அறிவழகனே முன்வந்தார். பையிலிருந்து டேப்பை எடுத்து, பெட்டி வாயின் உள் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, தெரிந்த ஆசாரிக்குப் போன் செய்து, வாய்க்குள் கச்சிதமாக இறங்குகிற மாதிரி வேண்டும் என்று சொன்னார். உபகாரி. துர்கா மனதார நன்றி சொன்னாள்.

சாயங்காலம் மூடி வந்தது.

இறங்கவில்லை!

நாலு பக்கமும் பெரிதாக இருந்தது. அதே நேரம் பார்த்து மழை கொட்டியது. பிளைவுட் வழுக்கி மாயவனின் கால் கட்டைவிரல் மேல் விழுந்தது. துர்காவுக்கு அன்றைய தினத்தின் மொத்த எரிச்சலையும் கொட்ட ஒரு ஆள் தேவைப்பட்டது. பாவம், ஆசாரி கிடைத்தார்.

சார் சொன்ன அளவுதாங்க என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். யார் காதில் விழுந்தது?

"இந்தக் காலத்து ஆசாரிங்களுக்கு டேப் புடிக்கவே தெரியல மேடம்" என்று அறிவழகன் வருத்தப்பட்டார்.

தார்ப்பாய் போட்டு மூடினார்கள்.

4

மழை விட்டபோது ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய ஆள் நேராகப் பெட்டியிடம் போனார். தார்ப்பாயை விலக்கினார். கல் மூடியைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"எந்தக் கழுத இந்த மூடியச் செஞ்சது?"

துர்கா வெளியே வந்தாள். "நீங்க யாரு?"

"கொளஞ்சிநாதன். செஞ்சி பக்கம் சிற்பப் பட்டற வச்சிருக்கேன். இந்தப் பொட்டியச் செஞ்சவன் நான்தாங்க."

தள்ளி நின்று கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்த அம்மாள் சட்டென்று ஊதி அணைத்தாள்.

ரெண்டாயிரம் வருஷமும் அரை நிமிஷத்தில் காலி!

கொளஞ்சிநாதனுக்குக் கொலையைப் பற்றிக் கவலையே இல்லை. அவர் கவலை வேறு. போன வருஷம் ஜெயராஜ் படங்களைக் கொண்டுவந்து காட்டி, ஏதோ ரிசார்ட்டில் வைக்க என்று சொல்லிச் செய்யச் சொன்னானாம். மூடிக்கு வேறு பட்டறையில் சொல்லியாகிவிட்டது என்றானாம். அப்போதே இவருக்கு வயிறு எரிந்ததாம். இப்போது டி.வி.யில் பார்த்தால், தன் பெட்டிமேல் பொருந்தாத மூடி. தொழில் மானம் போகிறதே என்று பஸ் பிடித்து வந்துவிட்டார்.

"என் பொட்டி உள்வாயி ஆறு அடி நீளம், ரெண்டடி அகலம். நூல் பெசகாது. மூடிக்கு அளவு சொன்னவன் எவனோ, அவனுக்குக் கண்ணு பொட்டையா இருக்கணும்."

"படங்கள ஜெயராஜுக்குக் குடுத்தது யாரு?"

"தெரியாதுங்க. 'எங்க சார், எங்க சார்'னு சொல்லுவான். பேரு சொல்ல மாட்டான்."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் இல்லை. மூடி செய்த பட்டறை எது என்றும் அவருக்குத் தெரியவில்லை. ஜெயராஜுக்குப் பின்னால் ஒரு 'சார்' இருக்கிறார். இந்த மாவட்டத்தில் சார் இல்லாத தெரு எது?

துர்கா அறிவழகனுக்குப் போன் செய்து, பெட்டி போலி என்று சொன்னாள். நானே ஏமாந்துட்டேனே மேடம் என்றார் அவர். அவளுக்கே பாவமாக இருந்தது.

அவள் கண் பெட்டி விளிம்பில் ஒட்டியிருந்த வெள்ளைக் களிமண்மேல் விழுந்தது. அர்ச்சுனன் வயல் கறுப்பு மண். ஆற்றங்கரை மண்ணும் இப்படி மாவு மாதிரி இருக்காது.

மாயவன் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தார்.

"செராமிக் மண்ணுங்கம்மா. நம்ம தொழிற்பேட்டையில பொம்ம ஊத்துவாங்களே, அது."

5

மறுநாள் விடிந்தும் விடியாமலும் இருவரும் செராமிக் தொழிற்பேட்டைக்குப் போனார்கள். கோர்ட் நேரத்துக்குள் ஏதாவது கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அர்ச்சுனன் உள்ளே.

நாலு பட்டறை பார்த்தார்கள். எல்லா இடத்திலும் அதே மண். யார் வேண்டுமானாலும் ஒரு வாளி எடுத்துப் போவார்களாம், யார் கணக்கு வைக்கிறார்கள் என்றார்கள். ஐந்தாவது பட்டறை பழமலைநாதனுடையது. அகல் விளக்கு, கொலு பொம்மை, கரண்ட் கம்பத்துப் பீங்கான் எல்லாம் செய்கிறவர். அவர் போலீஸைப் பார்த்ததும் வியர்த்தார். ஜெயராஜ் யாரென்றே தெரியாது என்று கேட்பதற்கு முன்பே சொன்னார்.

மாயவனின் புருவம் ஏறியது.

அப்போது உள்ளேயிருந்து அவர் மனைவி வாசுகி வந்தாள். வந்த வேகத்தில் போலீஸைக் கவனித்ததாகவே தெரியவில்லை. சுவரில் சாய்த்திருந்த புத்தம்புது அலமாரிக் கதவைக் காட்டி, புருஷனைப் பிடித்துக்கொண்டாள். கதவு அலமாரியைவிடப் பெரிதாம். இது மூன்றாவது கதவாம். போன வருஷம் ஜன்னல் கண்ணாடியும் இதே கதியாம். இனிமேல் டேப்பைத் தொட்டால் கையை உடைத்துவிடுவாளாம்.

துர்கா நின்றாள்.

"இருங்கம்மா. கதவு ஏன் பெருசா வந்துது?"

"இவரு அளவு சொன்னா அப்பிடித்தாங்க வரும்." வாசுகி இடுப்பில் கை வைத்தாள். "மண்ணு சூளையில வெந்தா சுருங்கும் இல்ல? எட்டு இஞ்சு பொம்ம வேணும்னா ஒன்பது இஞ்சுக்கு அச்சு வெட்டணும். பொழுதன்னிக்கும் அச்சு வெட்டி வெட்டி, டேப்ப எடுத்தாலே இவரு வாயி தானா கூட்டிச் சொல்லிடுது. மண்ணு சுருங்கும், சரி. அலமாரி சுருங்குமா?"

பழமலைநாதன் அசடு வழிந்தார். இங்கே அச்சு வெட்டுகிற எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு என்று முணுமுணுத்தார்.

எட்டுக்கு ஒன்பது...

ஆறடிப் பெட்டிக்கு ஆறே முக்கால் அடி மூடி...!

மாயவன் கையிலிருந்த விலங்கு கிணுகிணுத்தது. "தூக்கிடலாமாம்மா? மண்ணும் இவருது. வியாதியும் இவருது."

வாசுகி இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்த புருஷனுக்கு முன்னால் வந்து மறித்து நின்றாள். அன்றைக்கு இவர் சூளையை விட்டு நகரவே இல்லை, தீ போட்டுவிட்டு யாராவது நகருவார்களா, வேண்டுமானால் பேட்டையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றாள்.

துர்கா கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. அவள் மனசு வேறு எங்கோ இருந்தது. நேற்று மழையில் வழுக்கி மாயவனின் கட்டைவிரலில் விழுந்ததே, அங்கே.

பிறகு பழமலைநாதனிடம் போய் மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவர் யோசித்து, ஆமாம் என்று தலையாட்டி, ஒரு பெயர் சொன்னார்.

என்ன கேள்வி, என்ன பெயர்? கொஞ்சம் பொறுங்கள். துர்காவே இரண்டு நாளாகப் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

6

அறிவழகன் ஸ்டேஷனுக்கு வந்தபோது அர்ச்சுனனை ஜீப்பில் ஏற்றத் தயாராக இருந்தார்கள். படியில் பாஞ்சாலை. அவளைப் பார்க்காமல் தாண்டி வந்தார்.

துர்கா அவரை உட்காரவைத்து டீ வரவழைத்தாள். பெட்டி போலியாக இருந்தாலும் வேலைப்பாடு நன்றாக இருப்பதால், கேஸ் முடிந்ததும் காட்சிக்கு வைக்கலாம் என்று ஒரு யோசனை இருப்பதாகச் சொன்னாள். கீழே விளக்கக் குறிப்பில் அவர் பெயரையே போடலாம். இப்போதைக்குப் பெட்டியின் வாய்க்குள் இறங்குகிற மாதிரி ஒரு கண்ணாடி மூடி வேண்டும். கண்ணாடிக் கடைக்காரர் போனில் காத்திருக்கிறார். சார் ஒரு தடவை அளந்து சொன்னால் நன்றாக இருக்கும். நேற்று மாதிரி ஆசாரியிடம் விட்டு ஏமாறவேண்டாம் பாருங்கள்.

பெயர் என்றதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். டேப்பை எடுத்தார். குனிந்து அளந்தார்.

"நீளம் ஆறே முக்கால். அகலம் ரெண்டே கால். எழுதிக்கங்க" என்றார் போனில்.

துர்கா போனை வாங்கி அணைத்தாள்.

"மாயவன், நீங்க அளங்க."

மாயவன் அளந்தார். "நீளம் ஆறுங்கம்மா. அகலம் ரெண்டு."

அறிவழகன் அவசரமாக டேப்பைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"நேத்து பிளைவுட்டும் ஆறே முக்கால்தான் சார். கல் மூடியோட உள்விளிம்பும் ஆறே முக்கால்." துர்கா அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உங்க அப்பா என்ன வேல பாத்தாரு?"

அறிவழகன் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார்.

"நான் சொல்றேன். அச்சுக்கார விருத்தகிரி. செராமிக் பேட்டையில அச்சு வெட்டுனவரு. காலேஜு போறதுக்கு முன்னாடி நீங்களும் அவரோட உக்காந்து பத்து வருஷம் அச்சு வெட்டுனீங்க. இந்த ஊர்ல யார்கிட்டயும் அதச் சொன்னதில்ல. பேட்டையில பழைய ஆளுங்க எதிர்ல வந்தா ரோட்ட மாத்திப் போவீங்களாமே?"

டீ ஆறிக்கொண்டிருந்தது.

அறிவழகன் மறுத்திருக்கலாம். அளவு தப்பாகச் சொன்னதற்கு எந்தச் சட்டத்தில் தண்டனை? ஆனால் அவர் சவப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கண்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"முப்பது வருஷம் மேடம்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எந்த மாநாட்டுக்குப் போனாலும் சிரிப்பாங்க. கல் பெட்டி உங்க ஊர்ல ஏதுய்யான்னு கேப்பாங்க. ஒண்ணே ஒண்ணு கெடைச்சாப் போதும்னு நெனச்சேன். கெடைக்கல. அதான் செஞ்சேன்."

பெட்டி ஒரு பட்டறையில், மூடி ஒரு பட்டறையில். முழுசாக யாருக்கும் தெரியக்கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார். ஜெயராஜ் சொன்னபடி வேலை செய்தான். அர்ச்சுனன் வயல் தரிசாகக் கிடந்த சமயத்தில், குட்டைக்குக் குறித்திருந்த இடத்திலேயே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். மூடி பொருந்தவில்லை. மாற்றிச் செய்ய வழியில்லை. பேட்டை மண்ணை வாளியில் கொண்டுவந்து இடைவெளியில் அப்பினார். அர்ச்சுனன் குட்டை வெட்டும்போது அதுவாகவே 'கிடைக்கும்', முதலில் தான்தானே போய்ப் பார்க்கப்போகிறோம் என்று காத்திருந்தார்.

ஆனால் ஜெயராஜுக்கு வேறு ஆசை. வெளிநாட்டில் ஒரு ஆளுக்கு விற்றுவிடலாம் என்று, குட்டை வெட்டுவதற்கு முதல் நாள் சாயங்காலம் தோண்ட வந்துவிட்டான். அறிவழகன் ஓடிப்போய் மறித்தார். அதற்குள் மூடி கப்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அவன் விக்கறேன்னு சொன்னதுகூட எனக்குப் பெருசா படல மேடம். மூடியப் பாத்துச் சிரிச்சான். 'ஒரு மூடிக்கு அளவெடுக்கத் தெரியல, நீயெல்லாம் ஒரு புரொஃபசரா'ன்னு கேட்டான். மோட்டார் ரூம் பக்கத்துல மண்வெட்டி சாத்தியிருந்துச்சு."

அதற்குமேல் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. சங்கிலியைத் தளர்த்தினால் மூடி தானே இறங்கிவிடும். உதிர்ந்த களிமண்ணை மறுபடியும் குழைத்து இடைவெளியில் அப்பி, மேல் மண்ணைத் தள்ளிவிட்டு, லாரியை ஜங்ஷனில் விட்டுவிட்டார். பிணத்தை அப்புறம் வந்து எடுத்துவிடலாம் என்று நினைத்தார். ஜேசிபி மறுநாளே வரும் என்று அவருக்குத் தெரியாது. விடிந்ததும் அது முந்திக்கொண்டது.

செல்போனை மறந்துவிட்டார். வரலாற்று ஆசிரியர்களுக்குச் செல்போன் ஞாபகம் இருக்காது போலும்.

"மண்ணுலயே செஞ்சிருக்கலாமே சார்" என்றாள் துர்கா. அவளுக்கு உண்மையாகவே ஆற்றாமையாக இருந்தது. "உங்களுக்குக் கைவந்த வேல. மூடியும் சரியா உக்காந்திருக்கும்."

அறிவழகன் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"மண்ணா? எங்கப்பா ஆயுசு பூரா மண்ணுல கெடந்தாரு. யாரு அவர மதிச்சா? மண்ணு பெட்டிய எவன் மதிப்பான்?"

7

அர்ச்சுனனை விட்டுவிட்டார்கள். பாஞ்சாலை கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் போலீஸுக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. ஜேசிபிக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் வாடகை பேசியிருக்கிறது, குட்டை வெட்டணும் என்று சொல்லிவிட்டு வயலுக்கு ஓடினான்.

டி.எஸ்.பி. போன் செய்து, தனக்கு முதலிலிருந்தே அந்தப் பேராசிரியர்மேல் ஒரு சந்தேகம் என்றார். துர்கா பல்லைக் கடித்துக்கொண்டு, ஆமாங்க சார் என்றாள்.

வாக்குமூலம் எழுதி வாங்கியாயிற்று. அறிவழகனைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போக வேன் வாசலில் நின்றது. அவர் ஒரு காலைப் படியில் வைத்தார்.

துர்காவின் போன் அடித்தது. அர்ச்சுனன்.

"அம்மா... தப்பா எடுத்துக்காதீங்க. இன்னொண்ணு வந்திருக்குதும்மா."

"என்னய்யா இன்னொண்ணு?" துர்கா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"பொட்டிம்மா. அது இருந்ததுக்கு நேர்கீழ, நல்ல ஆழத்துல. கல்லு இல்ல. மண்ணுல செஞ்சு சுட்டது. அடியில குட்டிக் குட்டியா காலு வச்சிருக்குது. முன்னால ஆட்டுத் தல. கழுத்தச் சுத்தி மால மாலயா சித்திரம் கீறியிருக்குது. ரொம்பப் பழசும்மா, வேரெல்லாம் ஏறிப் பின்னிக் கெடக்குது."

வேன் படியில் வைத்த கால் வைத்தபடியே நின்றது.

அறிவழகன் மெல்லத் திரும்பினார். அவர் முகத்தைப் பார்க்கத் துர்காவுக்குத் தைரியம் வரவில்லை. அவர் போனை நோக்கி, கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"மூடி... மூடி எப்படி இருக்கு?"

"யாரு, சாரா? மூடி அம்சமா உக்காந்திருக்குதுங்க. ஒரு தகடுகூட நுழையல."

அறிவழகன் வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷமாகத் தேடியது, அவர் போலியைப் புதைக்க வெட்டிய குழிக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது. அவர் இன்னும் கொஞ்சம் ஆழமாக வெட்டியிருந்தால் போதும்! மண்ணை மதித்த எவனோ ஒருவன் எட்டுக்கு ஒன்பது கூட்டி, சுட்டு, கச்சிதமாக மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

துர்கா கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடியும் மூன்று ஆபீஸ். மறுபடியும் முதல் ஆபீஸ் நம்பர். மறுபடியும் கற்பூரம்.

மாயவன் அவள் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கினார்.

"யோவ் அர்ச்சுனா, எதுக்கும் பொட்டி மேல காத வச்சுப் பாரு. உள்ள சேவல் கூவுனா, மூடிப் போட்டுட்டு வேற எடத்துல குட்ட வெட்டு."